மருந்துச்சீட்டிலிருந்து ஸ்பூனை எடுத்துவிடுங்கள்

குழந்தைகளுக்கு மருந்து எழுதும் மருத்துவர்களுக்கும், அதை எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநர்களுக்கும், சிரப் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும்,

வணக்கம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மருந்துச்சீட்டிலும், மருந்துப் பெட்டியின் மேலும், கடையில் வாய்வார்த்தையாகச் சொல்லும்போதும் 'ஸ்பூன்' என்று அளவு சொல்வதை நிறுத்துங்கள். 'மில்லி' என்று சொல்லுங்கள். பாட்டிலோடு ஊசியில்லாத ஒரு சிரிஞ்சையும் கொடுங்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு திறந்த மடலா என்று கேட்பவர்கள், கீழே உள்ள கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும்.

பத்து கிலோ எடையுள்ள குழந்தை. சுமார் ஒரு வயது இருக்கும். காய்ச்சல். பாராசிட்டமாலின் அளவு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 15 என்றே வைத்துக்கொண்டால் 150 மில்லிகிராம் வேண்டும். நம் ஊர் மருந்துக்கடை அலமாரியில் இதே மருந்து 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பாக இருக்கிறது. 125 உள்ளதாகவும், 240 உள்ளதாகவும், 250 உள்ளதாகவும் இருக்கிறது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரே ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கிறது. ஆக, அந்தக் குழந்தைக்கு 120 சிரப்பில் 6.25 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி, சொட்டு மருந்தில் 1.5 மில்லி கொடுக்க வேண்டும்.

இப்போது அம்மாவின் காதில் விழுந்தது 'ஒரு ஸ்பூன் கொடுங்க' என்பது மட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பூன் சரியாக 5 மில்லி பிடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதல் பாட்டிலில் 120 மில்லிகிராம் போகும். கொஞ்சம் குறைவு, பரவாயில்லை. இரண்டாவதில் 250 போகும், கிலோவுக்கு 25. சொட்டு மருந்தில் 500 போகும். அது பெரியவர்கள் விழுங்கும் ஒரு முழு மாத்திரை. மூன்று வீட்டிலும் அம்மாக்கள் சொன்னபடிதான் செய்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் ஸ்பூன் 5 மில்லி பிடிக்கும் என்று நாம் தாராளமாக ஒப்புக்கொண்டு போட்ட கணக்கு இது. உண்மையில் எந்த ஸ்பூன்?

பாடப்புத்தகத்தில் டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி, இரண்டுக்கும் நடுவில் டெசர்ட் ஸ்பூன் 10 மில்லி. ஆஸ்திரேலியாவில் டேபிள்ஸ்பூன் 20 மில்லி. பழைய பிரிட்டிஷ் மருந்துக்கடைக்காரர்கள் டீஸ்பூன் என்று சொன்னது ஒரு திரவ டிராம், அதாவது 3.55 மில்லி. 5 என்ற முழு எண் மெட்ரிக் முறை வந்த பிறகு ஒட்டிக்கொண்டது. இந்தப் பெயர்கள் எதுவும் தமிழ்நாட்டுச் சமையலறைக்குள் வருவதில்லை. அங்கே எல்லாமே ஸ்பூன்தான். காபியில் சர்க்கரை கலக்குவது ஸ்பூன், பொங்கலோ தயிர்சாதமோ எடுத்துச் சாப்பிடுவதும் ஸ்பூன், அஞ்சறைப் பெட்டிக்குள் மஞ்சள்தூளோடு கிடப்பது ஸ்பூன், ஐஸ்கிரீமோடு வந்த பிளாஸ்டிக் துண்டும் ஸ்பூன். பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் 'சின்ன ஸ்பூன்', 'பெரிய ஸ்பூன்' என்பார்கள். எல்லா வீட்டுக்கும் பொதுவான சின்ன ஸ்பூன் என்று ஒன்று கிடையாது. டிபன் சாப்பிடும் ஸ்பூன் பெரும்பாலும் டெசர்ட் ஸ்பூன் அளவு. அதை ஒருவர் சின்னது என்பார், இன்னொருவர் பெரியது என்பார்.

சந்தேகமிருந்தால் உங்கள் வீட்டிலேயே பார்த்துவிடலாம். 5 மில்லி சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, வீட்டிலுள்ள ஒவ்வொரு ஸ்பூனிலும் விளிம்புவரை விட்டுப் பாருங்கள். கிரேக்க நாட்டில் இதை முறையாகச் செய்து 2010-இல் வெளியிட்டிருக்கிறார்கள். 25 வீடுகளிலிருந்து எடுத்த 71 டீஸ்பூன்கள் 2.5 மில்லியிலிருந்து 7.3 மில்லி வரை பிடித்தன. 49 டேபிள்ஸ்பூன்கள் 6.7 முதல் 13.4 மில்லி வரை. சின்ன டீஸ்பூனுக்கும் பெரிய டீஸ்பூனுக்கும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். அந்தப் பெரிய டீஸ்பூன் அந்தச் சிறிய டேபிள்ஸ்பூனைவிடப் பெரியது என்பதைக் கவனியுங்கள்.

'அரை ஸ்பூன்' இன்னும் மோசம். ஸ்பூனின் குழி கீழே குறுகி மேலே விரிவது. உயரத்தில் பாதி வரை ஊற்றினால் கொள்ளளவில் பாதி வராது. குழி அரைக்கோளம் போல் ஆழமாக இருந்தால் பாதி உயரத்தில் சுமார் 31 சதவீதம்தான் நிற்கும். தட்டையாக இருந்தால் 25 சதவீதம் வரை இறங்கிவிடும். கண்ணுக்கு அரை என்று தெரிவது கால் அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட. முழு ஸ்பூனிலோ தவறு எதிர்த்திசையில் போகும். சிரப் விளிம்புக்கு மேலே குமிழ்ந்து நிற்கும், கை நடுங்காதவர்கள் அளவைத் தாண்டி ஊற்றிவிடுவார்கள். அரை ஸ்பூன் எழுதிய குழந்தைக்குக் காய்ச்சல் குறையவில்லை என்று அடுத்த நாள் ஒரு ஸ்பூனாக ஏற்றினால், இரண்டு மடங்கு என்று நினைத்துக்கொண்டு மூன்று, நான்கு மடங்கு ஏற்றியிருப்பீர்கள்.

தமிழில் எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும் என்று சிலர் 'கரண்டி' என்று அச்சிடுகிறார்கள். தமிழ்நாட்டில் கரண்டி என்றால் சாம்பார் ஊற்றுவது, தோசை மாவு எடுப்பது. இலங்கையில் கரண்டி என்பது ஸ்பூனேதான். சாம்பார் ஊற்றுவதற்கு அங்கே அகப்பை. தேக்கரண்டி, மேசைக்கரண்டி என்று சமையல் குறிப்பில் படித்தால் புரியும். காய்ச்சலில் குழந்தை துவண்டு கிடக்கும் இரவு பதினோரு மணிக்கு, அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் 'தே.க.' என்று பார்த்தால் யாருக்கும் புரியாது. 'ஒரு மூடி' என்பதும் புழக்கத்தில் இருக்கிறது. பாட்டிலின் மேல் கவிழ்த்து வரும் அளவு மூடி சிலவற்றில் 10 மில்லி, சிலவற்றில் 15 மில்லி. கோடு 2.5, 5, 10 என்று உள்ளே இருந்தாலும் அது நிறமில்லாத பிளாஸ்டிக்கில் நிறமில்லாத மேடு. விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். சாய்த்தால் மருந்தின் மட்டமும் சாயும். மூடி நிறைய ஊற்றுவதுதான் ஒரு வேளை மருந்து என்று நினைப்பவர்கள் ஏராளம். கைக்குழந்தைக்குப் பாலாடையிலோ சங்கிலோ மருந்து புகட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவை புகட்டும் கருவி, அளக்கும் கருவி இல்லை.

'மில்லி' அப்படியில்லை. ஆவின் பால் பாக்கெட் வாங்குகிறவர் 500 மில்லி என்றுதான் கேட்கிறார். எண்ணெய், ஷாம்பு, பினாயில் எல்லாமே மில்லியில். டாஸ்மாக் வாசலில் நிற்பவருக்கும் 180 மில்லி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 1956-இலேயே மெட்ரிக் முறைக்குச் சட்டம் போட்ட நாடு இது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்திலும் ஸ்பூனுக்கு இடமில்லை. பால்காரர் 'நூறு ஸ்பூன் பால்' என்று விற்றால் சண்டைக்குப் போவோம். வலிப்பு மருந்தை ஸ்பூனில் சொன்னால் தலையாட்டிவிட்டு வருகிறோம்.

மருத்துவர்கள் சொல்லும் பதில் எங்களுக்குத் தெரியும். 'படிக்காதவங்களுக்கு மில்லி சொன்னா புரியாது, ஸ்பூன் சொன்னாத்தான் புரியும்.' ஸ்பூன் என்ற சொல் புரியும். எவ்வளவு என்பது புரியாது. அமெரிக்காவில் 2014-இல் வெளியான ஆய்வில், டீஸ்பூன், டேபிள்ஸ்பூன் கணக்கில் மருந்து கொடுத்த பெற்றோர் தவறு செய்யும் வாய்ப்பு, மில்லி கணக்கில் மட்டும் கொடுத்தவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு இருந்தது. ஆறில் ஒருவர் சமையலறை ஸ்பூனையே எடுத்திருந்தார். மருத்துவ விவரங்களைப் படித்துப் புரிந்துகொள்ளச் சிரமப்படுபவர்களிடமும் ஆங்கிலம் பேசாதவர்களிடமும் இந்த வேறுபாடு இன்னும் கூடுதலாக இருந்தது. அதாவது யாருக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஸ்பூன் சொல்கிறோமோ, அவர்களைத்தான் அது அதிகம் ஏமாற்றுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் அடுத்த ஆண்டே, 2015-இல், வாய்வழித் திரவ மருந்துகளை மில்லியில் மட்டும் எழுதச் சொல்லிக் கொள்கை அறிக்கை வெளியிட்டது. அங்கே அவர்கள் அன்றாட வாழ்க்கையில் மெட்ரிக்கே பழகாதவர்கள்.

மருந்துச்சீட்டுக்கு வருவோம். டீஸ்பூன் என்பதை 'டி.எஸ்.எஃப்.' என்று மூன்று ஆங்கில எழுத்தில் முடிக்கும் பழக்கம் கல்லூரியிலிருந்து வருவது. வேகமாக எழுதும்போது டீஸ்பூனுக்கும் டேபிள்ஸ்பூனுக்கும் வித்தியாசம் ஓர் எழுத்து. அளவில் மூன்று மடங்கு. இன்னொன்று, வீரியம் எழுதாமல் மருந்தின் பெயரோடு 'ஒரு ஸ்பூன் மூன்று வேளை' என்று விட்டுவிடுவது. நீங்கள் மனதில் வைத்தது 120; கடையில் இருந்தது 250; கொடுத்தவர் 'அதே மருந்துதாம்மா' என்று கொடுத்தார். மருந்து அதேதான். அளவு அதே இல்லை. மாற்று மருந்து கொடுக்கும் ஒவ்வொரு முறையும் மருந்தாளுநர் மில்லியைத் திரும்பக் கணக்கிட்டாக வேண்டும். ஸ்பூன் என்று எழுதியிருந்தால் அந்தக் கணக்கைத் தொடங்கவே பிடி இருக்காது.

சீட்டில் எப்படி எழுதலாம் என்றால், முதலில் குழந்தையின் இன்றைய எடை. பிறகு மருந்தும் வீரியமும்: 'பாராசிட்டமால் சிரப், 5 மில்லியில் 120 மில்லிகிராம்'. பிறகு '6 மில்லி, காய்ச்சல் இருந்தால் மட்டும், ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் வேண்டாம்'. கணக்கு 6.25 என்று வந்தாலும் 6 என்று எழுதுங்கள், சிரிஞ்சில் 6.25-க்குக் கோடு கிடையாது, கிலோவுக்கு 14.4 மில்லிகிராம் என்பது போதுமான அளவே. ஒன்றுக்குக் குறைந்தால் முன்னால் பூஜ்யம் போடுங்கள்: 0.5 மில்லி. வெறும் புள்ளி வைத்து 5 என்று எழுதினால் புள்ளி மடிப்பில் மறையும், பத்து மடங்கு போய்விடும். முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் வேண்டாம், 5.0 என்பதை 50 என்று படித்துவிடலாம். தமிழில் சுருக்கி 'மி.லி.', 'மி.கி.' என்று எழுதினால் 'லி'யும் 'கி'யும் ஒன்றுபோலத் தெரியும். 'மில்லி' என்று முழுதாகவே எழுதுங்கள், ஓர் எழுத்துதான் கூடும்.

அடுத்தது சிரிஞ்ச். 2 மில்லி சிரிஞ்சில் கோடுகள் 0.1 மில்லி இடைவெளியிலும் 5 மில்லியில் 0.2 இடைவெளியிலும் இருக்கும். 10 மில்லியில் இன்னும் அகலமாக இருக்கும். அதனால் 1.5 மில்லி கொடுக்க 10 மில்லி சிரிஞ்சைக் கொடுக்காதீர்கள். தேவையான அளவுக்குச் சற்றே பெரிய சிரிஞ்ச் போதும். மருந்து புகட்டுவதற்கென்றே வரும் வாய்வழிச் சிரிஞ்ச் கிடைத்தால் நல்லது, அதில் ஊசி பொருந்தாது. சாதாரண சிரிஞ்ச் என்றால் ஊசியைக் கடையிலேயே கழற்றி எடுத்துக்கொண்டு, நுனியிலுள்ள சின்ன மூடியையும் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அந்த மூடி மருந்து தள்ளும்போது தொண்டைக்குள் பாய்ந்து மூச்சை அடைக்கக்கூடியது.

அளவைப் படிப்பது பிஸ்டனின் கறுப்பு ரப்பரில், மருந்தைத் தொடுகிற முன்பக்க விளிம்பில். ரப்பரின் பின் விளிம்பைப் பார்த்தால் அளவு தப்பும். காற்றுக் குமிழ் இருந்தால் நுனியை மேலே தூக்கி, விரலால் தட்டி, காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடி கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய குமிழோடு இழுத்தால் மருந்து குறையும். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உட்பக்கமாக நுனியை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். நேரே தொண்டையை நோக்கிப் பீய்ச்சினால் புரையேறும். முடிந்ததும் பிஸ்டனைக் கழற்றிக் கழுவிக் காயவைக்கலாம். கோடு அழிந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இதைவிட எளிது வேறில்லை. மருந்தாளுநர் 3 மில்லி கோட்டின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியோ நிரந்தர மையால் கோடு இழுத்தோ கொடுத்துவிட்டால் போதும். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் அவரையே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். 'புரிஞ்சுதாம்மா?' என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். இழுத்துக் காட்டினால் அரை நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். இரண்டு குழந்தைகள் உள்ள வீடாக இருந்தால் சிரிஞ்சின் மேல் பெயரையும் எழுதுங்கள். அண்ணனின் கோட்டில் தம்பிக்குப் போய்விடும்.

சொட்டு மருந்தில் 'பத்துச் சொட்டு' என்று எழுதுவதும் ஸ்பூனின் பங்காளிதான். தண்ணீர் என்றால் ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு. சிரப் கெட்டியானால், நுனி அகலமானால், பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டின் பருமன் மாறும். பாட்டிலோடு வரும் டிராப்பரில் மில்லிக் கோடு இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். ஒரு பாட்டிலின் டிராப்பரை இன்னொரு பாட்டிலுக்குப் போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தண்ணீர் கலக்கும் ஆன்டிபயாட்டிக் பொடிகளில் ஸ்பூனுக்கு முன்பே தவறு தொடங்கிவிடுகிறது. '30 மில்லி' என்று போட்ட பாட்டிலில் 30 மில்லி தண்ணீர் ஊற்றினால் கோட்டைத் தாண்டிவிடும், ஏனென்றால் பொடியே இடம் பிடிக்கிறது. முதலில் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்க்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரையோ பெட்டியில் வந்த தண்ணீர்க் குப்பியையோ பாதி விட்டுக் குலுக்கி, நுரை அடங்கும்வரை பொறுத்து, அதன் பிறகு கோடுவரை நிரப்பிக் குலுக்க வேண்டும். நுரையைக் கோடு என்று நினைத்து நிறுத்தினால் மருந்து கெட்டியாகும். வேளைக்கு அளவு கூடும். கோட்டைத் தாண்டினால் நீர்த்துப்போகும், கிருமி சாகாது. இந்த வேலையை மருந்துக்கடையிலேயே செய்து கொடுப்பது நல்லது. அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட் போன்றவற்றைக் கலந்தபின் குளிர்பெட்டியில் வைத்து 7 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பதால் வீட்டில் குளிர்பெட்டி இருக்கிறதா என்றும் அப்போதே கேட்டுவிடலாம்.

குலுக்குவதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. தெளிந்த சிரப்புக்கு அது முக்கியமில்லை. கலங்கலாக இருக்கும் சஸ்பென்ஷனில் மருந்துத் துகள் அடியில் இறங்கும். மிகவும் அபாயமானது வலிப்புக்கான ஃபெனிடாயின். குலுக்காமல் கொடுத்தால் முதல் வாரம் மருந்து நீர்த்துப்போய்ப் போகிறது, வலிப்பு வருகிறது. பாட்டிலின் அடிப்பகுதிக்கு வந்ததும் கெட்டியாகப் போகிறது, குழந்தை தள்ளாடுகிறது, கண்கள் ஆடுகின்றன. அந்த மருந்து உடலில் ஒரு கட்டத்துக்கு மேல் ஏற்றம் கொஞ்சமாக இருந்தாலும் ரத்த அளவு சரசரவென்று ஏறும் இயல்புடையது. போதாததற்கு அது 5 மில்லியில் 30 மில்லிகிராம், 125 மில்லிகிராம் என்று இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது; நான்கு மடங்குக்கும் மேல் வித்தியாசம். லெவிடிரசிட்டாம் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம். வால்ப்ரோயேட் 5 மில்லிக்கு 200. இந்த மூன்றையும் ஸ்பூனில் எழுதுகிறவர்களுக்கு நியாயம் எதுவும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

எல்லா மருந்துக்கும் இப்படிப் பதற வேண்டியதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். பெரியவர்கள் குடிக்கும் ஜெலுசில் வகை மருந்திலும் பசி டானிக்கிலும் 2 மில்லி கூடினால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அந்தப் பழக்கம்தான் குழந்தையின் பாட்டிலுக்கும் தொடர்கிறது. அதனால் சொல்வதை ஒரே மாதிரி மில்லியில் சொல்லிவிடுவதே மேல்.

அரசுத் திட்டங்களில் இதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வாரம் இரண்டு முறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப். அதில் 20 மில்லிகிராம் இரும்பு. ஒரு மில்லி தானாக அளந்து வரும் அமைப்போடுதான் 50 மில்லி பாட்டில் வர வேண்டும் என்று திட்டத்திலேயே இருக்கிறது. அந்த அமைப்பு உடைந்தாலோ தொலைந்தாலோ வீட்டில் ஸ்பூனுக்குப் போய்விடுகிறார்கள். 5 மில்லியில் 100 மில்லிகிராம், டிபன் ஸ்பூன் 10 மில்லி பிடித்தால் 200 மில்லிகிராம்; பத்துக் கிலோ குழந்தைக்கு அது கிலோவுக்கு 20. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று இரும்பு நச்சின் அறிகுறிகள் தொடங்கக்கூடிய அளவு அதுதான். பாட்டிலைக் கொடுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்கள் இதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். வைட்டமின் ஏ திரவத்தோடு வருவதும் ஸ்பூன்தான், ஆனால் அது 2 மில்லி, நடுவில் 1 மில்லிக் கோடு. 9 மாதத்தில் 1 மில்லி, அதாவது 1 லட்சம் அலகு. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 மில்லி, 2 லட்சம் அலகு. செவிலியர் கையில் அது அளவுகோல். அந்த ஸ்பூன் வேறு பாட்டிலோடு சேர்ந்து வீட்டுக்குப் போய்விட்டால் அங்கே அது 5 மில்லி ஸ்பூனாக நடிக்கும்.

ஸ்பூனை விடவே முடியாத இடம் ஒன்று உண்டு. வயிற்றுப்போக்கு நேரத்தில் கடை எதுவும் திறந்திருக்காமல், உப்புக் கரைசல் பொட்டலம் கையில் இல்லாமல் வீட்டிலேயே கலக்குவது. 1 லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு. இங்கே உயிர்நாடி 'தலைதட்டி' என்ற சொல். கத்தியின் முதுகால் விளிம்போடு வழித்துவிட வேண்டும். குவித்து எடுத்தால் உப்பு இரண்டு மடங்காகிவிடும். ரத்தத்தில் சோடியம் ஏறி, தாகத்தால் துடித்து, வலிப்பு வரை போகலாம். பொடி உப்புக்குச் சொன்ன அளவு கல் உப்புக்குப் பொருந்தாது, கற்களுக்கு நடுவே காற்றிடம் அதிகம். கலந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தால் கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது. இது அவசரத்துக்குத்தான். பொட்டலம் கிடைத்ததும் அதற்கு மாறிவிட வேண்டும், 20.5 கிராம் பொட்டலத்துக்கு 1 லிட்டர், சின்னப் பொட்டலத்துக்கு 200 மில்லி. பெரிய பொட்டலத்தில் 'ரெண்டு ஸ்பூன்' எடுத்து டம்ளரில் கலந்துவிட்டு மீதியை மடித்து வைப்பது கூடாது. பொடிக்குள் உப்பும் குளுக்கோஸும் சீராகக் கலந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

நிறுவனங்களுக்கு: குழந்தைகள் சிரப் ஒவ்வொன்றோடும் வாய்வழிச் சிரிஞ்சும், பாட்டிலின் கழுத்தில் அது பொருந்தும் அடைப்பானும் வையுங்கள். மூடியோடு விடுவதானால் கோட்டை அடர்ந்த மையில் அச்சிடுங்கள். பெட்டியின் முன்பக்கத்தில் 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்பது மருந்தின் வணிகப் பெயருக்குச் சமமான எழுத்தில் இருக்கட்டும். ஒரே பெயரில் இரண்டு வீரியம் விற்கிறீர்கள் என்றால் பெட்டியின் நிறத்தை மாற்றுங்கள். இப்போது பல பெட்டிகளில் வித்தியாசம் ஓர் ஓரத்தில் கிடக்கும் எண் மட்டும்தான்.

துறைக்கு: மருந்தைக் கொடுக்கும்போது பதிவுபெற்ற மருந்தாளுநர் கடையில் இருக்க வேண்டும் என்பது 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் உள்ளது. ஆய்வுக்குப் போகும்போது உரிமமும் குளிர்பெட்டியும் பார்ப்பதோடு, குழந்தைகள் சிரப்புக்குச் சிரிஞ்ச் கொடுக்கிறார்களா, அளவை எப்படிச் சொல்கிறார்கள் என்றும் கேளுங்கள். அரசு மருத்துவமனை மருந்தகங்களில் உறைமேல் 'ஸ்பூன்' என்று முத்திரை குத்துவதை நிறுத்த ஒரு சுற்றறிக்கை போதும். புது முத்திரை செய்ய ஆகும் செலவைச் செலவு என்றே சொல்ல முடியாது.

கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று யாராவது உங்கள் கடைவாசலில் வந்து நின்றால் வாந்தி எடுக்கவைக்கச் சொல்லாதீர்கள். எந்த மருந்து, என்ன வீரியம், எத்தனை மணிக்கு, எதில் அளந்தார்கள், குழந்தையின் எடை என்ன என்பதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, பாட்டிலையும் அந்த ஸ்பூனையும் கையோடு கொடுத்து, 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பாராசிட்டமால் என்றால் விழுங்கிய நான்காவது மணியில் ரத்தத்தில் அளவு பார்ப்பார்கள். அதற்கான நச்சுமுறி மருந்து விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் ஏறினால் கல்லீரல் அநேகமாகத் தப்பிவிடும். ஸ்பூனை ஏன் கொடுத்தனுப்பச் சொல்கிறோம் என்றால், அதில் எவ்வளவு பிடிக்கும் என்று அளந்தால்தான் குழந்தைக்குள் எவ்வளவு போனது என்று அங்கே இருக்கும் மருத்துவர் கணக்கிட முடியும்.

இப்படிக்கு,
மருந்தகப் பணியில் இருக்கும் சிலர்